சாவி யார் கையில்?

பள்ளிக்கூடத்துக்குக் கணிப்பொறி வந்துவிட்டது, இனிமேல் சேரிப் பிள்ளைக்கும் ஊர்ப் பிள்ளைக்கும் ஒரே பாடம், ஒரே திரை, வேறென்ன வேண்டும் என்று ஒரு கூட்டம் பேசிக்கொண்டிருக்கிறது. திரை பிள்ளைகளைக் கெடுக்கிறது, கண்ணைக் கெடுக்கிறது, புத்தகத்துக்குத் திரும்புங்கள் என்கிறது இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்திலும் நம்மாளுங்க இல்லை. முதல் கூட்டத்தில் விற்கிறவர்களும், வாங்கிக் கொடுத்துப் பெயர் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கூட்டத்தில் இருப்பவர்கள் தம் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்து முடித்துவிட்டு, சலித்துப் போய், நமக்கு உபதேசம் பண்ண வந்தவர்கள்.

சுவீடன் நாட்டைக் காட்டுகிறார்கள். உண்மைதான். அந்த நாட்டு அரசு 2023-இல் சின்ன வகுப்புகளில் திரையைக் குறைத்து, அச்சுப் புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்கியது. ஆனால் தோழர்களே, அங்கே பிள்ளை திரும்பிப் போவதற்கு ஒரு நூலகம் இருக்கிறது. நம்ம பள்ளிக்கூடத்தில் எந்த நூலகத்துக்குத் திரும்பச் சொல்கிறார்கள்? பீரோவில் பூட்டி வைத்து, ஆய்வுக்கு ஆள் வரும்போது மட்டும் தூசி தட்டுகிற அந்த நூலகத்துக்கா? வயிறு நிறைந்தவன் பத்தியம் இருப்பதைப் பார்த்துப் பட்டினி கிடக்கிறவனும் பத்தியம் இருக்கணும்னு சொல்வதைப் போலத்தான் இந்தப் பேச்சு.

இதைச் சென்னையில் உட்கார்ந்து பேசுவது வேறு, சந்தவாசலில் நின்று பேசுவது வேறு. வேலூரிலிருந்து போளூர் போகிற வழியில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது சந்தவாசல். மேற்கே படவேடு, அதற்கு மேலே மலை. கீழே ஊரும் சேரியும், மேலே மலையாளிப் பழங்குடிகளின் குடியிருப்புகள். மலைக்கு அந்தப் பக்கம் காவலூரில் 2.3 மீட்டர் விட்டத்துக்கும் கூடுதலான கண்ணாடியோடு ஒரு பெரிய தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அண்டத்தின் எந்த மூலையிலிருந்து வருகிற வெளிச்சமும் அந்த மலைக்கு வந்து சேரும். அதே மலையில் செல்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத குடியிருப்புகள் 2020-இல் இருந்தன. தொலைநோக்கி மேல் நமக்குக் கோபம் ஒன்றுமில்லை. எந்தக் கருவி எதற்காக மலை ஏறியது, எது ஏறவே இல்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

இந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை எட்டாவதிலோ பத்தாவதிலோ பள்ளிக்கூடத்தை விட்டு நின்றால் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும். செங்கல் சூளை, திருப்பூர், கேரளம், கர்நாடகத் தோட்டங்கள். அதற்கும் மேலே, செம்மரம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படை 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் பலர் இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள், மலையிலிருந்தும் மலையடிவாரத்திலிருந்தும் கூலிக்குப் போனவர்கள். ஆகவே வகுப்பறையில் கணிப்பொறி நல்லதா கெட்டதா என்ற கேள்வியைப் பட்டிமன்றத் தலைப்பாக நாம் எடுத்துக்கொள்ள முடியாது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பிடித்து நிறுத்துவதற்கு எது உதவும், எது உதவாது? அந்தக் கேள்விக்கு உயிர் விலை இருக்கிறது.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. பாடம் அதில் வரும், பார்த்துக்கொள் என்றார்கள். அதில் நல்லது இல்லாமல் இல்லை. 2006-இல் ஆரம்பித்து வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது ‘டிவி கொடுத்து ஏமாத்துறான்’ என்று கிண்டல் பண்ணினார்களே, அந்தப் பெட்டி இருந்ததால்தான் எத்தனையோ குடிசைகளுக்குள் பாடம் நுழைய முடிந்தது. இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பெட்டி பேசும், கேட்காது. புரியலை என்று பிள்ளை கை தூக்கினால் அதற்குத் தெரியாது. கேபிள் கட்டணம் கட்டாத மாதம் பாடமும் இல்லை. அண்ணனுக்கு ஒன்பதாவது பாடமும் தங்கச்சிக்கு ஆறாவது பாடமும் இருந்தால், ஒரு பெட்டி, ஒரு அறை, வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிற அப்பா. இதில் யார் படிப்பது?

கேரளத்தில் 2020 ஜூன் 1, தொலைக்காட்சிப் பாடம் தொடங்கிய முதல் நாள். மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாவது போக வேண்டிய ஒரு தலித் சிறுமி அன்றைக்குத் தன்னை மாய்த்துக்கொண்டாள். கூலித் தொழிலாளி வீட்டுப் பெண், நன்றாகப் படிக்கிறவள். வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகிக் கிடந்தது. இணையத்தோடு கூடிய செல்பேசி இல்லை. கல்வியில் இந்தியாவுக்கே முன்னோடி என்று சொல்லப்படுகிற மாநிலம் அது. அதன் பிறகுதான் பெட்டிகளும் கருவிகளும் ஓடி ஓடிக் கொடுக்கப்பட்டன. நம்ம சாவுக்குப் பின்னால்தான் அரசாணை வரும் என்பது புதுசா என்ன?

புள்ளிவிவரம் கேட்பவர்களுக்கு அதுவும் இருக்கிறது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராம வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில். நகரத்தில் 23.4. இது தெரிந்தேதான் பாடத்தை இணையத்துக்கு ஏற்றினார்கள். பதினேழு மாதம் கழித்து, 2021 ஆகஸ்டில், ழான் திரேஸ், ரீத்திகா கேரா முதலானோர் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏழைக் குடும்பங்களின் 1,400 பிள்ளைகளைச் சந்தித்துக் கேட்டார்கள். கிராமத்தில் ஒழுங்காக இணையத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் 100-க்கு 8. அந்த எட்டையும் சாதி பிரித்துப் பார்த்தால், தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் 4, மற்றவர்களில் 15. எல்லோரும் ஏழைகள்தான், ஏழைகளுக்குள்ளேயே இந்த வித்தியாசம். வர்க்கம் பேசினால் போதும், சாதி தானாக அடங்கும் என்று இன்னமும் சொல்கிற தோழர்கள் இந்த இரண்டு எண்களையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் அரசே ஒத்துக்கொண்டது. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தொடங்கினார்கள். சாயங்காலத்தில் தன்னார்வலர் ஒருவர் கோயில் திண்ணையிலோ மரத்தடியிலோ இருபது பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு. ஒன்றரை வருஷம் திரை செய்ய முடியாததை ஆள் வந்துதான் செய்ய வேண்டியிருந்தது. பெரும்பாலும் பெண்கள், அவர்களில் நம்ம சேரிப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் உழைப்புக்கு ஆயிரம் ரூபாய் என்று விலை வைத்ததைப் பற்றி தனியாகவே ஒரு தலையங்கம் எழுதணும்.

அப்படியானால் கருவியே வேண்டாமா? அப்படிச் சொல்வதற்கு நாம் யார்? நம்ம வரலாறே கருவியைக் கைப்பற்றிய வரலாறுதானே. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழை அச்சில் கொண்டுவந்தார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அச்சு இயந்திரம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, பார்ப்பனர்கள் அதை வைத்துச் சாஸ்திரம் போட்டார்கள், ஆகவே நமக்கு வேண்டாம் என்று பண்டிதர் ஒதுங்கவில்லை. அந்தப் பெயரைக் கவனியுங்கள். விலையைப் பெயரிலேயே வைத்தார். யாரால் வாங்க முடியும் என்பதை முதலில் முடிவு பண்ணிவிட்டு, பிறகு என்ன எழுதுவது என்று யோசித்த பத்திரிகை அது. கருவிகளைப் பற்றி நமக்கு அங்கிருந்து கிடைக்கிற பாடம் பெரியது.

2011 செப்டம்பரில் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் போயின. சேரிக்குள், மலைக் குடியிருப்புக்குள், முதல் முறையாக ஒரு கணிப்பொறி நுழைந்தது அப்போதுதான். விற்றுவிட்டான், அடகு வைத்தான், படம் பார்க்கிறான் என்று பேசினார்கள். ஆமாம், சில பேர் விற்றார்கள், சில பேர் அடகு வைத்தார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் தாலியையே அடகு வைக்கிற வீட்டில் மடிக்கணினி மட்டும் தப்புமா? படமும் பார்த்தார்கள். மேல்சாதிப் பையன் கணினியில் படம் பார்த்தால் பொழுதுபோக்கு, நம்ம பையன் பார்த்தால் அரசுப் பணம் வீண். அதே மடிக்கணினியில்தான் அவன் தமிழ்த் தட்டச்சு கற்றான், தேர்வாணையத் தேர்வுக்குப் படித்தான், ஊர்ப் பறையடியைப் பதிவு செய்தான், அக்காவின் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பினான், அம்பேத்கர் நூல்தொகுதிகளை இறக்கி வைத்து ராத்திரியில் படித்தான். இந்த இதழுக்கு எழுதுகிற இளைஞர்களில் சிலர் அந்தத் தலைமுறை. அந்தத் திட்டம் 2019-20-க்குப் பிறகு நின்றது. எப்போது நின்றது பாருங்கள். பள்ளி மூடி, பாடம் இணையத்துக்குப் போன நேரத்தில், கருவி உயிருக்குச் சமமாக இருந்த நேரத்தில். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி என்று மறுபடி அறிவித்தது 2025 மார்ச் வரவுசெலவு அறிக்கையில்தான். நடுவில் போன பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

கணினி நம்ம பிள்ளைக்குச் செய்கிற ஒரு பெரிய நன்மையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எழுதுகிறவர்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை என்பதால் இருக்கலாம். அது அவமானப்படுத்தாது.

கணக்கு வாத்தியார் ஒருமுறை சொல்வார். இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிப்பார். மூன்றாம் முறை கேட்டால், ‘உனக்கென்னப்பா, கோட்டா இருக்கு, எப்படியும் சீட்டு கிடைச்சிடும்’ என்பார். வகுப்பு சிரிக்கும். அதற்கப்புறம் அந்தப் பையன் வாழ்க்கையில் கணக்குக் கேள்வி கேட்கவே மாட்டான். எல்லா வாத்தியாரும் அப்படி என்று சொல்ல வரவில்லை. சொந்தக் காசில் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்த ஆசிரியர்கள் எல்லா சாதியிலும் இருக்கிறார்கள், அவர்களை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பேர் சொல்லி நினைக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு சிரிப்பு போதும், ஒரு பிள்ளையை நிறுத்த. காணொளியில் சொல்லிக் கொடுக்கிறவர் பத்தாவது முறை ஓட்டினாலும் அதே குரலில் சொல்வார். எந்தத் தெரு என்று கேட்க மாட்டார். அப்பா என்ன வேலை என்று கேட்க மாட்டார். அண்ணல் அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் தனியாகக் கோணிச்சாக்கில் உட்கார வேண்டியிருந்தது. சாக்கைக்கூட வீட்டிலிருந்து தூக்கி வந்து, சாயங்காலம் தூக்கிப் போக வேண்டியிருந்தது. பியூன் வந்து குழாயைத் திறக்காத நாளில் தண்ணீர் இல்லை. அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளைக்கு, தன்னைச் சாதி பார்க்காமல் பாடம் சொல்கிற ஒரு பொருள் கையில் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிறுத்து, பின்னால் போ, மறுபடி சொல் என்று உத்தரவு போடுகிற அதிகாரம் பிள்ளையின் விரலில் இருந்தால்தான் இந்த நன்மை கிடைக்கும். மடிக்கணினி பிள்ளையின் மடியில் இருந்தது. அதன்பிறகு வந்தவை எங்கே இருக்கின்றன? தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்றார்கள். அங்கே ஒளிரும் பலகை சுவரில் இருக்கிறது, அதை இயக்குவது ஆசிரியர் கை. 79,723 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி, அது ஆசிரியரின் பையில். உயர்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம், அதற்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி. கருவி பெருகப் பெருகப் பிள்ளையின் கையிலிருந்து விலகிக்கொண்டே போயிருக்கிறது. கரும்பலகை இருந்த இடத்தில் வெள்ளைப் பலகை, ஆனால் சாக்பீஸ் யார் கையில் இருந்ததோ அவர் கையில்தான் இப்போது தொடுகோலும். பலகையில் ஓடுகிற இதயத்தின் அசையும் படத்தைப் பார்த்து ரத்த ஓட்டம் புரிந்துகொள்வது, புத்தகத்தில் கோட்டுப்படம் பார்ப்பதைவிட நல்லதுதான், மறுக்கவில்லை. எரிமலையும் கடலும் பார்க்காத மலைப் பிள்ளைக்கு அது பெரிய சன்னல். அந்தச் சன்னலை எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பது மட்டும் அவனுக்குச் சொந்தமில்லை.

ஆய்வகத்துக்குள் போய்ப் பாருங்கள். பத்து, இருபது கணினி, ஒரு வகுப்புக்கு நாற்பது, ஐம்பது பிள்ளைகள். யார் விசைப்பலகையில் கை வைக்கிறார்கள், யார் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார்கள்? ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவன், வீட்டில் ஏற்கெனவே கணினி இருக்கிறவன், ‘நல்லாப் படிக்கிற பையன்’ என்று வாத்தியார் கூப்பிடுகிறவன் உட்காருகிறான். பெண் பிள்ளைகள் பின்வரிசை. நம்ம பிள்ளைகள் அதற்கும் பின்னால். யாரும் தீண்டாமை என்று சட்டம் போடவில்லை. பானையில் மொள்ளாதே என்று சொன்ன காலத்தில் அது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது ‘டைம் இல்லப்பா, அடுத்த வாரம் நீ உட்காரு’ என்கிறார்கள். அந்த அடுத்த வாரம் வருவதே இல்லை. ஆய்வகத்தைப் பெருக்குகிற முறை மட்டும் யாருக்கு வருகிறது என்றும் பாருங்கள். 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த வழக்கில் ஒரு தலைமையாசிரியை கைதானார். நூறு வருஷத்துக்கு முந்தைய கதை இல்லை, திறன்மிகு வகுப்பறைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே அரசுப் பள்ளிகளில் ஒன்று.

புத்தகத்தில் 2018 முதல் கட்டம் கட்டமாகக் கியூஆர் குறியீடு அச்சடிக்கிறார்கள். செல்பேசியைக் காட்டினால் பாடம் ஓடும். எந்தச் செல்பேசி? வீட்டில் ஒன்றுதான் இருக்கும், அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி திரும்பும்போது மின்கலம் தீர்ந்திருக்கும், அதற்கப்புறம் அண்ணன் வாங்கிக்கொள்வான். பெண் கையில் போன் இருந்தால் காதல் வந்துவிடும், மானம் போய்விடும் என்கிற பயம் ஊர்த் தெருவுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள், நம்ம தெருவிலும் இருக்கிறது. சாதி ஒழிப்பு மேடையில் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தங்கையிடமிருந்து போனைப் பிடுங்குகிற தோழர்கள் இந்த இதழையும் படிக்கிறார்கள்.

சாதி இல்லாத பொருள் என்று கணினியைச் சொன்னோம். ஆனால் செல்பேசி வழியாகத்தான் சாதிப் பெருமைப் பாட்டும், அரிவாள் தூக்கிய காணொளியும் பத்தாம் வகுப்புப் பையனின் கைக்கு வருகின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிக்குள் செல்பேசி கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கயிற்றை அவிழ்த்தால் போதும் என்றால் எவ்வளவு சுலபம்! இன்னொரு பக்கம், பள்ளிக் கல்வித்துறையின் கணினிப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் சாதியும் ஆதார் எண்ணும் ஏறிக்கொண்டிருக்கின்றன. உதவித்தொகைக்குச் சாதி தெரிய வேண்டும், சரி. அந்தத் திரையை யார் யார் திறந்து பார்க்கலாம்? வகுப்பறையில் வாத்தியார் திறக்கும்போது பக்கத்து பெஞ்சுப் பையன் எட்டிப் பார்த்தால்? ஆசிரியர்கள் வேறொரு குறை சொல்கிறார்கள், அதுவும் நியாயம்: வருகை, தேர்வு மதிப்பெண், மிதிவண்டி, காலணி எல்லாவற்றையும் பதிவேற்றிக்கொண்டிருந்தால் பாடம் எப்போது நடத்துவது? மதிப்பீட்டைக் கைக்கணினியில் ஏற்றுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் அவர் திரையைப் பார்க்கிற நேரம் முழுக்கப் பிள்ளைகள் அநாதை.

இதிலிருந்து ஒரு பயம் வருகிறது, சொல்லிவிடுகிறோம். காணொளி இருக்கிறது, இனி மலைப் பள்ளிக்கு இயற்பியல் ஆசிரியர் எதற்கு என்று ஒருநாள் கேட்பார்கள். கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. நகரத்துத் தனியார் பள்ளியில் ஆசிரியரும் இருப்பார், திரையும் இருக்கும். நமக்கு ஆசிரியருக்குப் பதில் திரை. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லுமாம். பிள்ளையின் சந்தேகத்துக்கு ராத்திரி பதினொரு மணிக்கும் பதில் கிடைக்கும் என்றால் வேண்டாம் என்போமா? ஆனால் அந்தப் பொறி எழுதி வைத்ததைப் படித்துப் பேசுகிறது. எழுதி வைத்தவர்கள் யார்? ஜவ்வாது மலையின் பேச்சும் சந்தவாசல் சேரியின் பேச்சும் அதில் எத்தனை வரி இருக்கும்? நம்ம பிள்ளை ‘இன்னாத்துக்கு’ என்று கேட்டால் அதைப் பிழை என்று திருத்துகிற இன்னொரு வாத்தியார் நமக்கு வேண்டாம்.

வெளியுலகத்தையும் கொஞ்சம் பார்ப்போம். பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு கணினி என்று ஏறத்தாழ 10 லட்சம் கொடுத்தார்கள். 2012-இல் ஆராய்ந்து பார்த்தபோது கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை, பாடத்தோடு கணினி சேரவில்லை. யுனெஸ்கோவின் 2023 ஆண்டறிக்கையும் இதை எடுத்துக்காட்டி, கருவி யாருடைய நிபந்தனையில் வருகிறது என்றுதான் கேட்டது. பக்கத்திலேயே நல்ல உதாரணமும் இருக்கிறது. மேலே கேரளத்தைத் திட்டினோம், பாராட்டவும் வேண்டும். அங்கே 2001 தொடங்கி ஆசிரியர்களையே பழக்கி, கம்பெனிக்குக் காசு கட்டத் தேவையில்லாத கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளில் கொண்டுவந்தார்கள். 2018 முதல் மாணவர் மன்றங்கள் வைத்து, பிள்ளைகளே கருவியைப் பழகிப் பராமரிக்கிறார்கள். கருவியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிள்ளைக்கு அது சாமி சிலை இல்லை என்று தெரிந்துவிடும். பழுது பார்க்கவும் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. நம்ம பக்கத்தில் தொழிற்பயிற்சி முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற பையன்கள் எத்தனை பேர்? பள்ளிக்கூடத்துக் கணினி கெட்டுப் போய் ஒரு வருஷம் துணி போர்த்திக் கிடக்கும், இந்தப் பையன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பேருந்து ஏறுவான்.

ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, மலையாளிப் பழங்குடியிலிருந்து உரிமையியல் நீதிபதி ஆனதை 2024-இல் எல்லோரும் கொண்டாடினார்கள். பிள்ளை பெற்ற சில நாளில் போய்த் தேர்வு எழுதினார். நாமும் கொண்டாடினோம். ஆனால் அந்த உறுதியை எல்லாப் பிள்ளையிடமும் எதிர்பார்ப்பது அரசாங்கத்தின் வேலையை வயித்துப் பிள்ளைக்காரியின் தலையில் கட்டுவது.

நாம் என்ன கேட்கப் போகிறோம்? முதலில் ஆள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் காலியிடத்தை நிரப்பாமல் ஒளிரும் பலகை மாட்டினால் அதைத் திறந்து வைக்க வருகிறவர்களிடம் அங்கேயே கேள்வி கேட்க வேண்டும். அடுத்தது விடுதி. கருவியை முதலில் விடுதிக்குக் கொண்டுவா என்கிறோம். பகலில் பள்ளியில் எட்டிப் பார்க்க மட்டும் முடிந்த பிள்ளை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விடுதியில் தன் இஷ்டத்துக்கு நிறுத்தி, பின்னோக்கிப் போட்டு, மறுபடி கேட்டுப் படிக்க முடிய வேண்டும். சோறே ஒழுங்காகப் போடாத விடுதியில் கணினியா என்று கேட்பீர்கள். சோறும் வேண்டும், கணினியும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்கிற பேரத்துக்கு நாம் வரவில்லை. ஆய்வகத்தில் யார் எந்த நாள் உட்காருவது என்ற பட்டியல் சுவரில் ஒட்டப்பட வேண்டும், பெயர் வரிசைப்படி, வாத்தியாரின் தயவுப்படி அல்ல. பதிவேட்டில் சாதியைத் திறந்து பார்க்கிற உரிமை வகுப்பறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

பணம் இல்லை என்பார்கள். ஒன்றிய அரசு 2024-25-க்கான கல்வி நிதி 2,152 கோடியைத் தராமல் பிடித்து வைத்தது உண்மை, அது அநியாயம், அதற்காகவும் கத்துவோம். ஆனால் நம்ம பெயரில் ஒதுக்குகிற துணைத்திட்ட நிதி என்று ஒன்று இருக்கிறதே. பழங்குடியினருக்கு 1970-களின் நடுவிலிருந்தும், பட்டியல் சாதியினருக்கு அந்தப் பத்தாண்டின் கடைசியிலிருந்தும் அது இருக்கிறது. எல்லோருக்கும் போகிற பொதுத் திட்டத்தில் நம்ம பங்கு இவ்வளவு என்று கணக்கு எழுதி முடித்துவிடுவதுதான் இதுவரை நடந்த வித்தை. 2024-இல் தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் வந்தது, கணக்கைக் கேட்கப் போவது யார்? தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது, பத்து ரூபாய் முத்திரை போதும். சட்டம் படிக்கிற மாணவத் தோழர்கள் இதைக் கையில் எடுக்கணும்.

மாணவர்களும் தோழர்களும் இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். சந்தவாசலில் தொடங்குங்கள். கண்ணமங்கலம் பக்கம் சிலர், படவேடு பக்கம் சிலர், ஜமுனாமரத்தூர் வரை மலையேறச் சிலர். அரசுப் பள்ளி, நலப் பள்ளி, உண்டு உறைவிடப் பள்ளி, விடுதி எதையும் விடாதீர்கள். வாத்தியாரிடம் மரியாதையாகப் பேசுங்கள், அவர் குறையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். கணினி அறை எந்த நாள் திறக்கும்? சாவி யாரிடம் இருக்கிறது? கடைசியாக நீ எப்போது விசைப்பலகையில் கை வைத்தாய்? யார் பெருக்குகிறீர்கள்? வீட்டில் போன் யாரிடம்? பாடம் புரியவில்லை என்றால் யாரைக் கேட்பாய்? சொன்னதைச் சொன்னபடியே, அந்தப் பேச்சு மொழியிலேயே எழுதி அனுப்புங்கள், திருத்த வேண்டாம். அடுத்த இதழில் போடுவோம். பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.